மச்சான் பார்த்துக் கொடுத்த கார்

பழைய கார் வாங்குகிறவர்கள் உலகெங்கும் உண்டு. பாவம், அவர்களை விட்டுவிடுவோம். நான் சொல்லப்போவது அவர்களோடு "சும்மா துணைக்கு" வருகிற இனத்தைப் பற்றி. நீங்கள் கார் வாங்கும் யோசனையை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் இவர் சட்டை மாற்றிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் நிற்பார். "என்னைக் கேக்காம எதையும் முடிச்சிடாதீங்க" என்பார். வெளிநாட்டுக்கு வந்து பதினைந்து வருடமாகியும் இவருக்குச் சொந்தக் கார் கிடையாது. கேட்டால், "நல்ல வண்டி எங்க அமையுது?" என்று பெருமூச்சு விடுவார். உங்கள் வீட்டுக்கு வந்ததே பஸ்ஸில்தான்.

எங்களுக்கு வாய்த்தவர் என் மனைவியின் அண்ணன். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று வருடம் மற்றவர்களின் ஷிஃப்டையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு பத்து நாள் லீவு தேற்றியிருந்தாள். பிழைக்க வந்த நாட்டின் கடலை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இரண்டு நாள் ஓட்ட வேண்டிய தூரம். வாடகைக் கார் கட்டுப்படியாகாது. மலிவாகப் பழைய கார் ஒன்றை வாங்கி, போய்வந்து, விற்றுவிடலாம் என்பது திட்டம்.

முதல் கார் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவருடையது. சாவியைக் கொடுப்பதற்கு முன்பே அந்தம்மா குறைகளைக் கொடுத்துவிட்டார்: பின்பக்கக் கண்ணாடி இறங்காது, ரேடியோ பாடாது, ஒரு கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும். சொன்னது ஒரே விலை, நியாயமான விலை. மச்சான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை மூன்று முறை வலம் வந்தார். டயரை உதைத்தார். கதவைத் தட்டிக் காது கொடுத்தார். ஆயில் கம்பியை உருவி, மோந்து, விரலில் தேய்த்து, "ம்..." என்றார். அந்த "ம்"முக்கு அப்பீல் கிடையாது. பிறகு என்னை ஓரங்கட்டினார்.

"வேணாம் மாப்ளே."

"ஏன் மச்சான், நல்லாத்தானே ஓடுது?"

"அதான் சந்தேகமா இருக்கு. தானா வந்து சின்னக் குறையெல்லாம் சொல்றாங்கன்னா பெருசா எதையோ மறைக்கிறாங்க. பேரம் பேசவும் விடல. இதெல்லாம் ஒரு வியாபாரமா?"

கவனித்தீர்களா? விலை குறையாத காரில் இவருக்கு என்ன வேலை?

இரண்டாவது கார், ஊருக்கு வெளியே பழைய கார்களை வரிசையாக நிறுத்தி விற்கும் ஒருவரிடம். குறையே இல்லை என்று சத்தியம் செய்தார். விலை டீச்சரம்மா சொன்னதைப் போல இரண்டு மடங்கு. மச்சானின் முகம் மலர்ந்தது. சிரித்தார், முறைத்தார், எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரண்டு முறை வெளிநடப்பு செய்தார், மூன்றாம் முறை விற்பவரே ஓடிவந்து தோளில் கை போட்டார். இந்த மும்முரத்தில் இன்ஜின் மூடியைத் திறக்க மறந்தே போனார். ஒரு மணி நேரத்தில் விலை பாதியானது.

"பாதிக்குப் பாதி! பாத்தீங்களா?"

"டீச்சர் வண்டியும் இதே விலைதானேண்ணா?" என்றாள் மனைவி.

"அது விலைம்மா. இது லாபம்."

மச்சானைப் பகைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவர் யார்? வாங்கினோம்.

புறப்பட்ட இரண்டாம் நாள், கடலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கையில், கார் புகைந்து நின்றது. இழுத்துப்போன ஊரின் மெக்கானிக் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். புது பாகம் வர எட்டு நாள் ஆகும் என்றார். அந்த ஊருக்கு வாரத்துக்கு ஒரே பஸ், அதுவும் நாங்கள் வந்த வழியே திரும்பிப் போவது. எட்டு நாளும் லாட்ஜ் ஜன்னல் வழியே மெக்கானிக்கின் டயர்க் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கடல் எங்கேயும் போயிடாதுங்க. என் லீவுதான் போச்சு" என்றாள் மனைவி. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மச்சானுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த டீச்சர் வண்டியப் பாத்தப்பவே என் மனசுல பட்டுச்சு மாப்ளே, இதுதான் நம்ம வண்டின்னு. நீங்கதான் அவசரப்பட்டுட்டீங்க!"

சிரிக்கிறீர்கள், சரி. ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இவ்வளவு நேரமும், "நானா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு அந்த டீச்சர் வண்டியத்தான் எடுத்திருப்பேன்" என்று உங்களுக்குள் சொல்லிக்கொண்டுதானே படித்தீர்கள்? மச்சானாவது நேரில் வந்தார். நீங்கள் அந்தக் காரைப் பார்க்கக்கூட இல்லையே!