முன்னோடியும் ஐந்து பேரும் ஒரு சஹனும்

சஹனில் உட்கார்ந்து தொழில் பேசக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கண்டியில் எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ புத்திமதி சொல்லியிருக்கிறார்கள். தலையை எந்தப் பக்கம் வாருவது என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் கலியாண வீடுகளில் சாப்பாடு சஹனில்தான் வரும். பெரிய வட்டத் தட்டு, அதில் குவித்த புரியாணி, மேலே பொரித்த கோழி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மூடி. ஒரு சஹனுக்கு ஆறு பேர். ஆறு பேரும் வந்து உட்காரும்வரை மூடியைத் திறக்க முடியாது. ஆறு பேரும் சாப்பிட்டு முடியும்வரை எழும்புவது மரியாதையில்லை. (அதாவது, மாட்டினால் மாட்டினதுதான்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கண்டியின் முன்னோடித் தொழில்நுட்பத் தொழில்முனைவர் நான். யார் அப்படிச் சொன்னது என்று கேட்காதீர்கள், நானேதான் எழுதியிருந்தேன். 'சப்ரி: வாழ்வும் பணியும்' என்று நான்கு பக்கம். என்னைப் பற்றி வேறு யாரோ எழுதியதுபோல் வரிக்கு வரி 'அவர்', 'அவர்'. 'சிறு வயதிலேயே அவர் இயந்திரங்களின் இதயத் துடிப்பை அறிந்திருந்தார்' என்றுகூட ஓர் இடத்தில் வரும். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

என் செயலியின் பெயர் 'கிட்ட'. உங்களுக்கு ஒரு பூட்டோ தண்ணீர்த் தாங்கியோ வேண்டுமென்றால், சுற்றுவட்டாரத்தில் எந்தக் கடையில் அது இன்றைக்கு இருக்கிறது என்று போனில் காட்டும். நல்ல யோசனை, இன்றும் அடித்துச் சொல்வேன். பன்னிரண்டு கடைகள் சேர்ந்திருந்தன. அந்தக் கடைகளின் சரக்கை ஒரு 'தானியங்கி முறைமை' நொடிக்கு நொடி அறிந்து சொல்கிறது என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

தானியங்கி முறைமையின் பெயர் பஸ்மினா. என் வாப்பாவின் தம்பி ஹாரிஸ் சாச்சாவின் மகள், எனக்குத் தங்கை முறை. கட்டுகஸ்தோட்டையில் சாச்சாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மேலே உட்கார்ந்து, தினமும் காலையில் பன்னிரண்டு கடைகளுக்கும் போனில் கோல் எடுத்து, என்ன இருக்கிறது, என்ன தீர்ந்தது என்று கேட்டுக் கேட்டுப் பதிபவள் அவள்.

நான்கு பக்கத்தையும் வாசித்துவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சப்ரி நானா, நான் கோல் எடுக்கிறத இதுல எழுதல்லயா?"

"அது தற்காலிக ஏற்பாடு," என்றேன். ஒன்றரை வருடமாக அது தற்காலிகமாகவே இருந்தது.

புதிய கம்பெனிகளில் முதலீடு செய்கிற இல்ஹாம் என்பவர் கொழும்பில் இருந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். என் வாழ்வையும் பணியையும் வாசித்து அசந்துபோய், ஞாயிற்றுக்கிழமை கண்டிக்கு வருவதாகச் சொன்னார். அவர் கைகொடுத்தால் 'கிட்ட' பிழைக்கும். இல்லாவிட்டால் அடுத்த மாதமே மூட்டை கட்டிவிட்டு நான் சாச்சாவின் கடையில் ஆணி நிறுக்க வேண்டியதுதான்.

அவரை அலுவலகத்துக்குக் கூட்டிப்போக வழியில்லை, ஏனென்றால் சாச்சாவின் கடை மேல்மாடிதான் என் அலுவலகம், அதில் பாதி சீமெந்து மூட்டை. அன்றைக்கு அக்குறணையில் எங்கள் உறவில் ஒரு கலியாணத்தின் வலீமா விருந்து இருந்தது. அங்கேயே அழைத்தேன். என் திட்டம் மிகத் தெளிவானது. அவர், நான், என் நண்பர்கள் நான்கு பேர், மொத்தம் ஆறு. யார் எப்போது என்னைப் புகழ வேண்டும் என்று நால்வருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

உட்கார்ந்தோம். கை கழுவினோம். மூடியில் கை வைக்கப் போகும் நேரம், பந்தி பார்க்கிற வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார்.

"அந்தச் சஹன்ல நாலு பேர் குறை. நீங்க நாலு பேரும் எழும்பி அங்க போங்கோ."

"இவங்க என்னோட வந்தவங்க," என்றேன்.

"எல்லாரும் மாப்பிள்ளையோட வந்தவங்கதான் மகன்," என்று சொல்லிவிட்டு என் புகழுரையாளர்கள் நால்வரையும் ஓட்டிக்கொண்டு போனார். அந்தப் பாவிகளும் கோழியைப் பார்த்தபடி எழும்பிப் போனார்கள். காலியான நான்கு இடத்துக்கும் தெல்தோட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர், அவருடைய மருமகன்மார் இருவர், ஆறாவது ஆளாக ஹாரிஸ் சாச்சா.

சாச்சா மூடியைத் திறந்தார். கோழியில் நல்ல துண்டாகப் பிய்த்து இல்ஹாமின் பக்கம் தள்ளினார். பிறகு விசாரணை தொடங்கியது.

"கொழும்புல எந்தப் பக்கம் மகன்?"

"தெமட்டகொட."

"வாப்பா, உம்மா?"

"வாப்பா மௌத். உம்மா ஈக்கிறாங்க."

"கலியாணம்?"

"இன்னும் இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய மனிதர் கொழும்பிலிருந்து வந்திருக்கிறார், அவரிடம் கேட்கிற கேள்வியா இது? "சாச்சா, சேர் எங்கட 'கிட்ட' விஷயமா வந்தவர்," என்று குறுக்கே புகுந்தேன். (என் வாயால் என் தலையில் மண்ணை அள்ளிப் போட்ட இடம் இதுதான்.)

"ஓ, அந்தப் போன் வேலயா," என்றார் சாச்சா. "அது எங்கட பஸ்மினாட வேலயல்லவா."

இல்ஹாமின் கை சோற்றில் நின்றது. "பஸ்மினா எண்டா?"

"எண்ட மகள். காலைல கட தொறந்த நேரம் தொட்டு அவக்கு கோல்தான். சிங்கள முதலாளிமாரோட சிங்களத்துல, மத்தவங்களோட தமிழ்ல. ஒத்தரும் அவக்கிட்ட சும்மா 'சாமான் ஈக்கி' எண்டு செல்ல ஏலா. 'கையால தொட்டுப் பாத்திட்டு செல்லுங்கோ' எண்டு செல்லுவா."

"அப்ப இவர்?" இல்ஹாம் என்னைக் காட்டினார்.

"இவர் மேல உக்காந்து எழுதிய."

அதுவரை கோழியைத் தவிர வேறெதிலும் அக்கறை காட்டாத தெல்தோட்டைப் பெரியவர் தலையை நிமிர்த்தினார். "அந்தக் 'கிட்ட'யா? அதப் பாத்துத்தானே போன மாசம் நாங்க லொறி பிடிச்சிட்டு வந்த. தண்ணி டேங்க் ஈக்கி எண்டு காட்டிச்சி. வந்து பாத்தா இல்ல."

"அண்டைக்கு மகளுக்குக் காய்ச்சல்," என்றார் சாச்சா. "சப்ரிதான் பாத்த. கோல் எடுக்காம முந்தின நாள் போட்டதையே திரும்பப் போட்டிருக்கி."

பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் இருந்த கோழித் துண்டை எடுத்துக்கொண்டார்.

எழும்பி ஓடியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். சஹனில் அது முடியாது. பெரியவரின் மூத்த மருமகன் சோற்றை ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிடுகிற ஆள். அவர் முடிக்கும்வரை நான் இருந்தாக வேண்டும். அந்த நேரத்துக்குள் இல்ஹாம் என் நான்கு பக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சாச்சாவிடம் சரிபார்த்துவிட்டார். இயந்திரங்களின் இதயத் துடிப்பைப் பற்றியும் கேட்டார்.

"எங்கட ரேடியோவக் கழட்டினவர்," என்றார் சாச்சா. "அது இன்னும் பிஸ்கட் டின்னுக்குள்ளதான் ஈக்கி."

கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. நான் தொடவில்லை. இல்ஹாம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவர் கடைக்கே வந்துவிட்டார். சீமெந்து மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து, பஸ்மினா பன்னிரண்டு கடைகளையும் விரட்டுவதை ஒரு மணி நேரம் கேட்டார். எதிரே கதிரையில் நான் இருந்தேன், என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. புறப்படும்போது, "இது நல்லா ஓடும்," என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி மூன்று கிழமை போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

கோல் வந்தது. எனக்கல்ல, சாச்சாவுக்கு. அதற்கடுத்த வாரம் இல்ஹாமின் உம்மா கண்டிக்கு வந்தார்.

நான் மானம் போய்த் தவித்த அந்தச் சஹனில் சாச்சா மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். இதைவிட அநியாயம் உண்டா? பஸ்மினா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாளாம். "கோல் எடுக்கிறத விட மாட்டேன். அது எண்ட வேல." அதைக் கேட்கத்தானே வந்தேன் என்றாராம் மாப்பிள்ளை.

நிக்காஹ் முடிந்த கையோடு நான் அவரை ஓரமாகப் பிடித்து, முதலீடு என்ன ஆயிற்று என்று கேட்டேன். என் தோளில் கை போட்டார்.

"குடும்பத்துக்குள்ள பிஸ்னஸ் வாணாம் மச்சான். மனக்கசப்பு வரும்."

முதலீட்டாளர் மச்சானாகிவிட்டார். தானியங்கி முறைமை கொழும்புக்குப் போய்விட்டது. 'கிட்ட' மூடப்பட்டது. ஆறு மாதத்தில் பஸ்மினா தன் பெயரில் ஒரு கம்பெனி தொடங்கினாள். கம்பளை, புசல்லாவை, ஹேவாஹெட்ட என்று ஊர் ஊராகப் பெண்கள் வீட்டிலிருந்தே கடைகளுக்குக் கோல் எடுத்துச் சொல்கிற ஏற்பாடு. அதில் முதலீடு செய்தவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"பொஞ்சாதி குடும்பமில்லயா?" என்று நேரடியாகவே கேட்டேன்.

"அவ எழுதித் தந்தது அரப் பக்கம் மச்சான்," என்றார். "அதுல பொய் ஒண்டும் இல்ல."

இப்போது பத்திரிகைகள் அவளைத்தான் முன்னோடி என்று எழுதுகின்றன. எழுதட்டும். பொய்யில்லை என்பதுதான் எனக்கு அதிலுள்ள பெரிய எரிச்சல். நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். தினமும் காலையில் கட்டுகஸ்தோட்டையில் அதே மேல்மாடியில் உட்கார்ந்து, அதே பன்னிரண்டு கடைகளுக்குக் கோல் எடுக்கிறேன். ஒன்பது மணிக்குக் கொழும்பிலிருந்து அவள் எடுப்பாள். "நானா, தொட்டுப் பாக்கச் சொன்னீங்களா?" சொன்னேன் என்பேன். உண்மையாகவே சொல்லியிருப்பேன்.

அவள் கம்பெனியின் ஊழியர் பட்டியலில் என் பெயருக்கு நேரே, பதவி என்ற இடத்தில், 'தானியங்கி முறைமை' என்று பதிந்து வைத்திருக்கிறாள். சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? அதை இல்ஹாம் எங்கள் குடும்பம் முழுவதற்கும் படித்துக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து எந்தக் கலியாண வீட்டில் சஹனுக்கு ஓராள் குறைந்தாலும், அந்த வெள்ளைச் சட்டைக்காரர் மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்துவார்.

"தானியங்கி, இங்க வாங்கோ, ஒராள் குறை."

போய் உட்காருவேன். கோழி எந்தப் பக்கம் போனாலும் பேசாமல் சாப்பிடுவேன். யாராவது என்ன தொழில் என்று கேட்டால் மட்டும், பக்கத்தில் சாச்சா இருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்வேன்.