சேர்ந்திருப்பதற்கு ஆதாரம்

"ரெண்டு பேரும் ஒரே வீட்டிலதான் இருக்கிறியள் எண்டதுக்கு ஆதாரம் வேணும் தம்பி" என்று கணக்காளர் செல்வரத்தினம் போனில் சொன்னதும் அகிலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்படி ஓர் ஆதாரம் உலகத்தில் எங்கும் இருந்துவிடக் கூடாது என்றுதான் அவனும் நிருஜாவும் இரண்டு வருடமாகப் பாடுபட்டிருந்தார்கள். சான்ட்ரிங்ஹாமில் கிருசாந்தி என்ற தோழியோடு மகள் தங்கியிருக்கிறாள் என்பது அதே நகரின் மறுகோடியில், பாட்டனி டவுன்ஸில் இருக்கும் அவள் அப்பா மகேசனுக்குச் சொல்லப்பட்ட கதை. அந்தக் கிருசாந்திக்கு மீசை உண்டு. சொந்த ஊர் தென்காசி. பெயர் அகில்.

ஆசையைக் கிளப்பிவிட்டவன் டெக்சாஸில் இருக்கும் நண்பன் கோகுல். "இங்கல்லாம் தாலி கட்டணும்னுகூட இல்லடா. கூடவே இருக்கா, சம்பாதிக்கலைன்னா டிபெண்டண்ட்னு காட்டி வரியைக் குறைச்சுக்கலாம்!"

நிருஜா படித்துக்கொண்டிருந்தாள். சம்பளம் கிடையாது. அகில் துள்ளிக் குதித்தான். கட்டிய வரி திரும்பி வந்தால் தாலிக்கொடி வாங்கலாம். தாலிக்கொடி கையில் இருந்தால் மகேசன் முன்னால் நிமிர்ந்து நின்று பெண் கேட்கலாம். அதற்குள் விஷயம் அவர் காதுக்கு எட்டினால் பெண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை.

அதனால்தான் முந்தாநாள் செல்வரத்தினத்தைப் போய்ப் பார்த்தான். நிருஜாவின் முழுப்பெயரைக் கேட்டுக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்று அனுப்பிவைத்தவர், யோசித்து முடித்து இப்போது ஆதாரம் கேட்கிறார்.

"முதல்ல கரண்ட் பில்லில அவவின்ர பேரையும் போடும்."

போட்டான். இரண்டொரு நாளில் நிருஜா அலறிக்கொண்டு வந்தாள்.

"இஞ்ச, கரண்ட் கொம்பனி 'புது வீட்டுக்கு வாழ்த்துகள்' எண்டு எனக்குக் கடிதம் போட்டிருக்கு!"

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? அப்பா வீட்டு விலாசத்துக்குப் போட்டிருக்கு! அப்பா போன் எடுத்துக் கேக்கிறார்! என்ர லைசன்ஸில அந்த விலாசம்தானே இருக்கு!"

"ஐயையோ! நீ என்ன சொன்ன?"

"கிருசாந்தியும் நானும் வீடு மாறுறம் எண்டு சொல்லிட்டன். சாமான் ஏத்த அப்பா சனிக்கிழமை வான் கொண்டு வாறாராம்!"

அகில் சோபாவில் சரிந்தான். போன் அடித்தது. செல்வரத்தினம்.

"பில் மட்டும் காணாது தம்பி. ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற போட்டோ ஒண்டு வேணும்."

போட்டோவுக்கு எங்கே போவது? அவன் இருக்கும் படத்தில் அவள் இருக்கமாட்டாள். அவள் இருக்கும் படத்தில் அவன் இருக்கமாட்டான். தெரிந்தவர் யாரும் வராத இடம் என்று மனுகாவ் ஷாப்பிங் மாலைத் தேர்ந்தெடுத்தார்கள். தோளில் கைபோட்டு, பல்லைக் காட்டி, அகில் போனை உயர்த்தினான்.

"கொண்டாங்கோ, நான் எடுத்துத் தாறன்" என்றது பின்னால் ஒரு குரல்.

திரும்பினால் குணவதி மாமி. மகேசனின் கூடப்பிறந்த தங்கை.

"நிருஜா! ஆரடி இது?"

"இது... கிருசாந்தியின்ர அண்ணா, மாமி."

"கிருசாந்தியின்ர அண்ணாவுக்கு உன்ர தோளில என்ன வேலை?"

அகில் கையைச் சூடு பட்டதுபோல் இழுத்துக்கொண்டான். மாமி அவனை உச்சந்தலையிலிருந்து செருப்பு வரை அளந்தாள்.

"கட்டினவரோ?"

"இன்னும் இல்ல, ஆன்ட்டி."

"அப்ப நல்லதாப் போச்சு. எங்கட பிள்ளையளுக்கும் மாப்பிள்ளை தேடுறம்தானே. கிட்ட நில்லுங்கோ!" என்று இருவரையும் ஒட்டி நிற்கவைத்துத் தன் போனிலேயே ஒரு படம் எடுத்தாள். "அண்ணைக்கு இப்பவே அனுப்புறன்."

அனுப்பியும்விட்டாள். மகேசனிடமிருந்து ஒரு வரி பதிலும் வரவில்லை.

அன்று மாலை செல்வரத்தினம் மறுபடியும் அழைத்தார். "கடைசியா ஒண்டுதான். அவவின்ர குடும்பத்தில ஒராள் நேரில வந்து, ஓம், சேர்ந்துதான் இருக்கினம் எண்டு சொல்லவேணும். சனிக்கிழமை காலமை வாரும்."

வரியும் வேண்டாம், சலுகையும் வேண்டாம், ஆளை விட்டால் போதும் என்று சொல்லிவிடத்தான் சனிக்கிழமை அகில் போனான். வாசலில் ஒரு வெள்ளை வான் நின்றது. கதவைத் திறந்தான். உள்ளே மகேசன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆர் தம்பி நீர்?"

இரண்டு வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த அழகான வசனமெல்லாம் ஆவியாகிப் போனது.

"அங்கிள், நான்தான் கிருசாந்தி!"

செல்வரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கிருசாந்தின்னு யாருமே இல்ல, அங்கிள். நானும் நிருஜாவும்தான் அங்க இருக்கோம். தாலிக்கொடி வாங்கிட்டு உங்ககிட்ட வரணும்னு இருந்தேன். இன்னும் வாங்கல. வாங்கிடுவேன். நிருஜாவை எனக்குக் கட்டிக்குடுங்க, அங்கிள்!"

மகேசன் எழுந்தார். அகில் கண்ணை மூடிக்கொண்டான். தோளில் ஒரு கை விழுந்தது. மெதுவாகத்தான்.

"கொடியைப் பிறகு பாப்பம். அம்மா அப்பாவை என்னோட கதைக்கச் சொல்லும். நல்ல நாள் பாக்கவேணும்."

சொல்லிவிட்டு வெளியே போனார். வான் புறப்பட்டது. அகிலின் கால் தரையில் இல்லை. மேசையைத் தாண்டிப் போய்ச் செல்வரத்தினத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"சார், குடும்பத்து ஆளே வந்து ஒத்துக்கிட்டாரு! இனி டிபெண்டண்ட்னு தைரியமாப் போடுங்க. எவ்வளவு சார் திரும்ப வரும்?"

செல்வரத்தினம் தன்னை மெல்ல விடுவித்துக்கொண்டு சட்டையைச் சரிசெய்தார்.

"தம்பி, இந்த நாட்டில துணையைக் காட்டி வரி குறைக்கிற சட்டமே இல்லை. நீர் வந்து பொம்பிளை கேப்பீர் எண்டு ரெண்டு வருசமாப் பாத்துப் பாத்துக் களைச்சுப்போய், உந்த ஆதாரமெல்லாம் கேக்கச் சொன்னது மகேசன் அண்ணைதான்!"