ரசம் சாரின் வெள்ளை வேட்டி

தாம்பரம் வட்டாரத்தில் ரசம் சாரின் வேட்டியைக் கறையாக்காமல் யாரும் பழைய கார் வாங்கியதில்லை. பீர்க்கன்கரணையில் எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டு தார் போட்டார்கள் என்று சொல்லும் எனக்கே அவருடைய நிஜப் பெயர் தெரியாது.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பானெட்டைத் திறந்து பார்க்கவும் மாட்டார். வெள்ளை வேட்டியோடு பின்சீட்டில் அமர்ந்து, விளிம்பு வரை ரசம் ஊற்றிய எவர்சில்வர் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ம், போகலாம்" என்பார்.

"தண்ணி போதாதா சார்?"

"தண்ணி காஞ்சுடும். ரசம்னா சாட்சி இருக்கும்."

முதுகில் ஆபரேஷன் ஆன என் மனைவி திங்கட்கிழமை வீடு திரும்பவிருந்தாள். உடம்பு குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பல்லாவரத்தில் ஒரு ஷெட்டில் இரண்டு செடான்கள் நின்றன. ஒன்று தொண்ணூற்றாறு மாடல், மற்றது இரண்டாயிரத்துப் பதினொன்று. என் மனம் புதியதன் பக்கம்.

கிண்ணத்தைப் பார்த்து விற்பவர் மிரண்டார். "இன்னா சார், வண்டி பாக்க வந்தியா, பந்திக்கு வந்தியா?"

முதலில் புதியதை ஓட்டினேன். ஏசி ஜில்லென்றது. பிரேக் மிதித்த இடத்தில் நின்றது. ஆனால் பள்ளத்துக்குப் பள்ளம் ரசம் எழுந்து குதித்தது. சாரின் வலது தொடை முழுக்க மஞ்சள்.

கையோடு கொண்டுவந்த தூக்குவாளியிலிருந்து கிண்ணத்தை மறுபடி நிரப்பிக்கொண்டு பழையதில் ஏறினார். சோபா மாதிரி சீட். அதே பள்ளங்களில் ரசம் லேசாக அசைந்து அடங்கியது. திரும்பி வந்து ஷெட் வாசலில் பிரேக்கை மிதித்தேன். வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது. இடது தொடையில் இரண்டு சொட்டு.

சார் இறங்கி, வேட்டியை விரித்து இரண்டு கறைகளையும் காட்டினார். "பழசுதான்."

"பதினஞ்சு வருஷம் வித்தியாசம் சார்! பிரேக்கும் சரியில்ல."

"பிரேக்க மாத்திடலாம். இந்த சீட்டுக்கு எங்க போவீங்க? வருஷக் கணக்கெல்லாம் உங்களுக்குத்தான். மேடம் முதுகு காலண்டரா பாக்குது?"

"கரீக்ட்டு சார், ரசம் பொய் சொல்லாது" என்றார் விற்பவர். அந்த வண்டி அங்கே வெகுநாளாக நின்றுகொண்டிருந்தது.

பிரேக்கை மாற்றினேன். திங்களன்று மனைவியைப் பின்சீட்டில் சாய்த்து அழைத்து வந்தேன். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு குறையுமில்லை. எங்கள் தெருவை நினைத்துத்தான் பயம்; குழாய் போடத் தோண்டிய பள்ளங்கள் அப்படியே கிடந்தன.

தெருமுனையில் ரசம் சார் காத்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "லெஃப்ட்ல ஒடிங்க... மெதுவா... இன்னும் மெதுவா" என்று காருக்கு முன்னால் பின்னோக்கி நடந்தார். எதிரே வந்த ஆட்டோவை ஒற்றைக் கையால் நிறுத்தினார். பள்ளங்களையெல்லாம் காலையிலேயே நடந்து பார்த்து வைத்திருக்க வேண்டும். ஒரு முறைகூடக் கீழே குனிந்து பார்க்கவில்லை. கிண்ணத்தின் விளிம்பைப் பார்ப்பது போல, என் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.