உட்கார்ந்த இடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு

"இதைக் கையில கட்டிக்கிட்டா, நீ எவ்வளவு உழைக்கிறேன்னு இதுவே கணக்கு சொல்லிடும்."

"பதினெட்டு வருஷமா நான் சொன்னது காதுல ஏறலை. வாட்ச் சொன்னாத்தான் நம்புவீங்களோ?"

"அதுக்கில்லம்மா, உடம்புக்கு நல்லதுன்னுதான். எடை எவ்வளவுன்னு போடட்டும்?"

"அறுபது."

கணவரின் விரல் அவளுடைய போனின் மேல் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு, குடும்பம் நடத்தத் தெரிந்த மனிதராக, வாயைத் திறக்காமல் அறுபது என்றே தட்டினார்.

ஒரு மாதத்துக்கு முன் நடந்த இந்தப் பேச்சு நினைவுக்கு வந்ததும் ஐஸ் மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணி ஏழே முக்கால். உடம்புக்கு நல்லது என்று சொன்னவரை இன்னும் காணோம். சோபாவில் அசையாமல் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது.

'வாழ்த்துகள்! ஒரு மணி நேர உடற்பயிற்சி. அருமையான வேகம்!'

"என்ன வேகம்? கழுத்தைக்கூட நான் திருப்பலையேடா!" என்று வாட்சைப் பார்த்துக் கத்தினாள்.

ஐஸ் மேடம் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், "பதறாதீங்க சார், மெக்கானிக் கிளம்பிட்டாரு" என்று குரல் உயராமல் சொல்ல வேண்டும். மெக்கானிக் அப்போது எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம் அவள் நாடி எழுபதைத் தாண்டாது. அடக்கி வைத்ததெல்லாம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கிளம்பும்.

முன்பெல்லாம் அதை ஆற்றுவதற்கு ஒரு வழி இருந்தது. கணவர் ஆறரைக்கு வந்துவிடுவார். பால்கனியில் இரண்டு காபி, ஒரு மணி நேரப் பேச்சு. அன்றைக்கு யார் எந்த லிஃப்டில் மாட்டினார்கள், யார் அழுதார்கள் என்று அவள் நடித்துக் காட்டுவாள், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற எட்டையும் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக அது போயிற்று. முதல் நாள் மீட்டிங் என்றார். மறுநாளிலிருந்து ஏழரை, எட்டு, எட்டேகால் என்று வளர்ந்துகொண்டே போகிறது. என் கதை அவருக்குப் புளித்துவிட்டதோ என்று நினைக்கும்போதெல்லாம் முதலில் பயம் வந்தது. மறு நொடி கோபம் வந்தது.

போன் அடித்தது. நாத்தனார். குடும்பத்தில் எல்லோர் கையிலும் வாட்ச் கட்டிவிட்டு, ஒருவர் வாட்ச் காட்டுவது எல்லோர் போனிலும் தெரியும்படி குழு அமைத்து, அன்றாடக் கலோரிப் பட்டியல் போடுகிறவள். பட்டியலில் முதலிடம் எப்போதும் தனக்கே என்பதும் அவளே போட்ட சட்டம்.

"அண்ணி, நான் காலையில நாலரை கிலோமீட்டர் ஓடினேன். இருநூத்தித் தொண்ணூறு. நீங்க நானூத்திப் பன்னெண்டு. எங்க ஓடினீங்க?"

"எங்கேயும் ஓடலை. உக்காந்திருந்தேன்."

"உக்காந்தா கலோரி எரியுமா? வாட்சை வாஷிங் மெஷின்ல போட்டு சுத்த விட்டீங்களா?"

"உன்னைப் போட்டுச் சுத்தினா எரியும். வை போனை!"

அதன் பிறகு அரை மணி நேரம் தனக்குள்ளேயே பேசித் தீர்த்தாள். கோபமும் மனுஷ ஜாதிதான், அதற்கும் களைப்பு உண்டு. சரி, போய்த் தொலையட்டும் என்று பெருமூச்சு விட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தாள். சரியாக அப்போது அழைப்பு மணி அடித்தது. மூன்று வாரமாக இதே கதை. திட்டுவதற்குச் சேர்த்து வைத்ததில் பாதி மறந்துபோன நேரம் பார்த்துத்தான் இந்த மனிதர் வந்து நிற்பார்.

"ஏன் லேட்டு?"

"டிராஃபிக்."

"ஆபீஸ் பத்து நிமிஷ நடை. எந்த பிளாட்பாரத்துல டிராஃபிக்?"

கணவர் அதற்குள் குளியலறைக்குள் போய்த் தாழிட்டிருந்தார்.

மறுநாள் மதிய இடைவேளையில், வாட்ச் பழுது பார்க்கும் கடையில் போய் அதைக் கழற்றி மேசையில் போட்டாள்.

"பொய் சொல்லுது. சரி பண்ணுங்க."

கடைக்காரர் அதைத் திருப்பி, அடியில் மின்னிய பச்சை விளக்கைக் காட்டினார்.

"இது பொய் சொல்லாது மேடம், ஏமாந்துபோகும். இந்த வெளிச்சத்துல உங்க நாடித்துடிப்பை மட்டுந்தான் இது பாக்குது. துடிப்பு ஏறி ஒரு பத்து நிமிஷம் அங்கேயே நின்னா, சரி, ஆள் ஓடுறாங்கன்னு முடிவு பண்ணிடும். வயசு, எடை, உயரத்தோட சேர்த்து ஒரு கணிப்பு போட்டு நம்பரை நீட்டிடும்."

"கோபத்துல ஏறினா?"

"எதனால ஏறிச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப நானூத்திப் பன்னெண்டும் எரிஞ்சுதா இல்லையா?"

"ஓடினா தசை வேலை செய்யும், அது எரியும். உக்காந்து கோபப்பட்டா நெஞ்சு மட்டுந்தான் ஓடும். அதுல எரியறது ஒரு பிஸ்கெட்டுக்குக்கூடக் காணாது."

மூன்று வாரக் கோபம் ஒரு பிஸ்கெட்டுக்குக் காணாது என்றதும் அவளுக்கு இன்னும் ஏறியது. மேசையில் கிடந்த வாட்சைக் கையில் கட்டியிருந்தால் அங்கேயே ஐம்பது கலோரி காட்டியிருக்கும்.

கடைக்காரர் அவள் போனை வாங்கிப் பார்த்தார். "எடை அறுபதுன்னு இருக்கு." தலையை நிமிர்த்தி அவளை ஒருமுறை பார்த்தார். "உள்ள எடையைப் போட்டா கலோரி இன்னும் கூடுமே மேடம்."

"அறுபதுன்னு இருந்தா அறுபதுதான்! குறைச்சுப் போட்டா?"

"கலோரியும் குறையும்."

அது போதும். முதலிடத்தை நாத்தனாருக்கே விட்டுக்கொடுத்து அவள் வாயை அடைக்க வழி கிடைத்துவிட்டது. கடை வாசலிலேயே நின்று ஐம்பத்திரண்டு என்று மாற்றினாள்.

மாலை ஆறு பத்துக்கு வீட்டுக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, குடும்பக் குழுவில் வாட்ச் கம்பெனியின் அறிவிப்பு பளபளத்தது. 'உங்கள் உறவினர் ஒரே நாளில் எட்டு கிலோ குறைத்து சாதனை! வாழ்த்துங்கள்!'

போன் உடனே அலறியது.

"அண்ணி! எட்டு கிலோவா? ஆஸ்பத்திரியில எதையாவது வெட்டி எடுத்துட்டாங்களா?"

"உன் நாக்கைத்தான் எடுக்கணும்!"

"பட்டியல்ல முதல்ல வர்றதுக்கு இப்படியா? நான் எத்தனை வருஷமா ஓடறேன்!"

"ஓடு! அப்படியே ஓடிப்போயிடு! உங்க அண்ணனையும் கூட்டிக்கிட்டு ஓடு! அவருக்குத்தான் வீட்டுக்கு வரவே மனசில்லையே!"

சண்டை ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. போனை வைத்ததும் வாட்ச் அதிர்ந்தது. 'உங்கள் வாழ்நாளின் மிகச் சிறந்த ஓட்டம்!'

மணி ஏழரை. கணவரைக் காணோம்.

இப்படியே போனால் நெஞ்சு வெடித்துவிடும் என்று பயந்து, அலுவலகக் குரலைத் தன்னிடமே பேசிப் பார்த்தாள். "பதறாதீங்க மேடம். மூச்சை மெதுவா இழுங்க. வந்துட்டே இருக்காரு."

வாட்ச் நூற்றிருபதிலிருந்து இறங்கியது. நூற்றுப்பத்து. நூறு. தொண்ணூற்றேழு.

அப்போதுதான் யோசித்தாள். தப்புப் பண்ணுகிறவர் அவர், மூச்சை இழுத்து விடுகிறவள் நானா? அதோடு, 'வந்துட்டே இருக்காரு' என்று அவள் இதுவரை யாரிடம் சொன்னபோது யார் வந்திருக்கிறார்கள்?

நூற்று முப்பத்திரண்டு.

எட்டு ஆனது. எட்டேகால் ஆனது. இனி பொறுப்பதில்லை. அவர் ஆபீசுக்கே போய், அங்கே இல்லையென்றால் எங்கே என்று வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை உலுக்கிக் கேட்டுவிடுவது என்று செருப்பை மாட்டினாள். புளித்துப்போயிற்று என்றால் அதை என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நான்கு மாடியையும் தடதடவென்று படியிலேயே இறங்கினாள். மாதம் முழுவதிலும் அவள் உண்மையாகவே உடம்பை அசைத்தது அப்போதுதான். வாட்ச் அதற்குப் பதினோரு கலோரி கொடுத்தது.

கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

கட்டடத்தின் வாசலில், காவலாளியின் நாற்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு கணவர் உட்கார்ந்திருந்தார். கையில் போன். அதையே உற்றுப் பார்த்துக் கவலையோடு உச்சுக் கொட்டினார். பக்கத்தில் காவலாளி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க!"

கணவர் துள்ளி எழுந்தார். "இப்பத்தாம்மா வந்தேன். செருப்புல கல்லு…"

"மூணு வாரமாவா கல்லு? எங்க போயிட்டு வர்றீங்க? மேல வர்றதுக்கு அப்படி என்ன கசப்பு? சொல்லுங்க!"

கணவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

காவலாளிதான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கி முன்னால் வந்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க, மூணு வாரமா கேக்கணும்னு இருந்தேன், வாய் வரலை: ஐயா தினமும் டாண்ணு ஆறரைக்கு வந்து, உங்க நாடித்துடிப்பு தொண்ணூறுக்குக் கீழ இறங்கினாத்தான் மேல போவேன்னு போனைப் பாத்துக்கிட்டு என் நாற்காலியில உக்காந்துடறாரு, எனக்குக் கால் விட்டுப்போகுது, புண்ணியமாப் போகும், கோபத்தைக் கொஞ்சம் சீக்கிரமா இறக்குங்கம்மா."