ஒன்றரை அங்குல மரியாதை

மரியாதையை அங்குலக் கணக்கில் அளக்கும் முறையை மனித குலத்துக்கு வழங்கியவர்கள் சைகோன் தமிழர்கள். அந்த முறையை வகுத்தவன் நான். அடக்கம் கருதி இதை இரண்டாவது வாக்கியத்தில் சொல்கிறேன்.

1945 தொடக்கத்தில் அமெரிக்க விமானங்கள், ஜப்பானியக் கப்பல்கள் நின்ற சைகோன் துறைமுகத்தில் குண்டு போட்டன. நம்மவர் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். உடனே பென் தான் சந்தைக்கு எதிரே, ஜவுளி வியாபாரி பக்கீர் மைதீன் கடை மாடியில் 'நினைவுக்கல் கமிட்டி' கூடியது. அவர் தலைவர். பிரெஞ்சு கவர்னர் ஆபீஸ் குமாஸ்தாவான ஜூல், அதாவது நான், காரியதரிசி. ஏழு அங்குலக் கனத்தில் கருங்கல் வந்தது. எழுத்து வெட்ட வடிவேல் வந்தார்.

கல்லெழுத்தை நாம் எப்படிப் படிக்கிறோம் என்று யோசித்திருக்கிறீர்களா? கல்லில் மை கிடையாது, நிழல்தான் மை. உளி போன பள்ளத்தில் வெயில் சாய்ந்து விழும்போது ஒரு கரை மின்னும், மறு கரை இருட்டும். அந்த இருட்டைத்தான் படிக்கிறோம். ஆழம் கூடினால் இருட்டும் கூடும், தூரத்திலிருந்தே தெரியும். கவர்னர் காரில் போகிறவர். ஆகவே அவர் பெயருக்குக் கால் அங்குலம். கமிட்டியார் நடந்து போகிறவர்கள், அதில் பாதி, அரைக்கால் அங்குலம். இறந்தவர்களின் மனைவிமார் எப்படியும் கிட்டே வந்து விரலால் தடவித்தான் படிப்பார்கள். ஆகவே இறந்தவர்களுக்கு ஓர் அரிசிக் கனம். 'உயிர் நீத்த நம்மவர்' என்ற தலைப்பும் அடியில் வரும் என் பெயரும் எந்த ஆட்சியிலும் மாறாதவை. அவற்றுக்கு ஒன்றரை அங்குலம். 'காரியதரிசி' என்ற பதவிப் பெயருக்கு மட்டும், தன்னடக்கமாக, அரைக்கால்.

"முசியே, செத்தவங்களுக்குத்தானே கல்லு? அவுங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் குடுத்தா என்னா?" என்றார் வடிவேல்.

"கவர்னரு ஆழத்துக்கா? ஏம்ப்பா, என் கடைய மூட வைக்கவா பாக்குறே?" என்று பதறினார் தலைவர்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இறந்தவர் பட்டியல் சம்பள வரிசையில் அமைந்தது. பன்னிரண்டாவது, துறைமுகக் காவலாளி இக்னாஸ். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர் மனைவி ரோசாலி என்னிடம் வந்தாள்.

"கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வெக்க எனக்கு ஒரு எடம் இல்ல, முசியே ஜூல். அவரு பேரு எங்கனாச்சும் இருந்தா போதும்."

"வரும், மதாம். வரிசைப்படி."

மார்ச்சில் வடிவேல் பன்னிரண்டாவது பெயரில் 'இக்' வரை வந்திருந்தார். அன்று ஜப்பானியர் கவர்னரைச் சிறைப்பிடித்தார்கள்.

வெட்டிய எழுத்தை எப்படி எடுப்பது? சுண்ணாம்பு அடைத்தால் முதல் மழைக்கே கரையும். அந்த இடத்தை மட்டும் கொத்தினால் குழி விழும், வருகிற ஆட்சி, "குழிக்குள் யார் இருந்தது?" என்று கேட்கும். விசுவாசத்துக்குச் சமதளம் முக்கியம். ஆகவே கல்லின் முகம் முழுவதையும் கால் அங்குலம் இழைத்தோம். கவர்னர் போனார். இறந்தவர்கள் அவருக்கு முன்பே போனார்கள்.

அடுத்து ஜப்பானியத் தளபதிக்குக் கால் அங்குலம். ஆகஸ்டில் புரட்சி, இழைத்தோம். புரட்சிக் கமிட்டியின் பெயரை வெட்டிய ஈரம் காய்வதற்குள் பிரெஞ்சுக்காரர் திரும்பினார்கள், இழைத்தோம். புதிய கவர்னரும் கமிட்டியும் மறுபடி கல்லேறினார்கள்.

அப்புறம் பத்து வருஷம் அந்த ஆட்சிதானே இருந்தது என்பீர்கள். இருந்தது. ஆனால் குண்டு போட்ட அமெரிக்கர்கள் இதற்குள் பிரெஞ்சுக்காரரின் நண்பர்கள் ஆகிவிட்டார்கள். நண்பர்கள் போட்ட குண்டில் ஒருவர் சாக முடியுமா என்பது நுட்பமான கேள்வி. துணைக்கமிட்டி அமைத்தோம். ஒவ்வொரு அக்டோபரிலும் ரோசாலி வருவாள்.

"இந்த வருசமாவது?"

"பரிசீலனையில் இருக்கிறது, மதாம்."

"அது முடியிறதுக்குள்ள நானே போயிடுவேன் போல."

"அப்படியானால் இரண்டு பெயரையும் ஒரே மனுவில் சேர்த்துவிடலாம்" என்று வழி சொன்னேன். சட்டம் தெரிந்தவன் செய்யக்கூடிய உதவி அதுதான்.

1955 அக்டோபரில் குடியரசு பிறந்தது. நான்காம் முறை இழைத்தோம். பிரெஞ்சுக்காரரோடு நின்றது யார் என்று கல் காட்டிக்கொடுக்கக் கூடாது. ஆகவே கமிட்டியார் பெயர்கள் வேண்டாம். "புதுசா வந்தவரு எத்தன நாளு இருப்பாருன்னு பாத்துட்டு அவரு பேர வெட்டிக்கலாம்" என்றார் பக்கீர் மைதீன். இராஜதந்திரம்!

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். காலையில் கல்லைப் பார்வையிடப் போனேன். வடிவேல் உளிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். ரோசாலி முழங்காலில் இருந்தாள். கல்லின் அடியில் மெழுகுவர்த்தி எரிந்தது.

"மதாம், இக்னாஸ் பெயர்தான் இதில் இல்லையே?"

"தெரியும், முசியே. அவருக்கு வெக்கல." விரலால் தடவிப் படித்தாள். "'உயிர் நீத்த நம்மவர்'னு மேல இருக்கு. கீழ ஒரே ஒரு பேரு. ஜூல்."

"அது காரியதரிசியின் பெயர்! பக்கத்தில் பதவி..."

"பதவி மொத எழைப்புலயே போயிடுச்சு, முசியே" என்றார் வடிவேல். "அரைக்கால்தானே சொன்னீங்க?"

"பத்து வருசமா வந்து கேட்டேன்" என்றாள் ரோசாலி, எழுந்திருக்காமலே. "உசுரோட இருக்கற மனுசன்கிட்ட பேசுறேன்னு நெனச்சுட்டேன். கல்லப் பாத்தப்பறந்தான் வெளங்குச்சு."

எனக்காகச் சிலுவை போட்டாள். வடிவேல் தலைத்துண்டை எடுத்தார்.

எதையும் அளந்து பார்க்காமல் மறுக்கிறவன் அல்ல நான். அளவுகோலை என் பெயருக்குள் விட்டுப் பார்த்தேன். இன்னும் அரை அங்குலம் இருந்தது. மறுக்க வழியில்லை.