புற்று வாங்கிய ஆமை

ஒரு காட்டில், காடு முடிந்து ஊர் தொடங்கும் ஓரமாக, சௌந்தரம் என்றோர் ஆமை இருந்தாள். குடியிருக்க வீடு முதுகிலேயே இருந்தது. ஆகவே இன்னொரு வீடு வாங்கினால் அதை வாடகைக்குத்தான் விட வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. வீட்டுத் தரகர் நரி ஏகாம்பரமும் அதையேதான் சொன்னார்.

"சொத்துன்னா நாம தூங்கும்போதும் சம்பாதிக்கணும்க்கா. நீங்கதான் வருஷத்துல பாதி தூங்கறீங்களே."

ஆற்றங்கரையில் தனக்கிருந்த கீரைத் தோட்டத்தைக் கரையான்களுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் அப்போதுதான் கட்டி முடித்த புற்றை வாங்கிக்கொண்டாள். வாடகை தினம் ஒரு கட்டுக் கீரை. அது வந்தால்தான் இனி சாப்பாடு. வாசலில் பலகை வைத்தாள்: 'சைவம் மட்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.'

முதலில் எலி வந்தது.

"வீட்டுல எத்தனை பேரு?"

"இப்போதைக்கு நாலு பேருங்க."

"இப்போதைக்குன்னா?"

"சாயங்காலம் வரைக்கும்."

எலியை அனுப்பிவிட்டாள். அடுத்து வந்த முள்ளம்பன்றி ஒண்டிக்கட்டை, சாதுவான சுபாவம். ஆணி விஷயத்தில் மட்டும் உள்ளதைச் சொல்லிவிட்டது. "நானா அடிக்க மாட்டேங்க. புரண்டு படுத்தா அதுவா இறங்கிடும்."

மூன்றாவதாக வந்தவர் நல்லபாம்பு. ஆணி அடிக்கக் கையில்லை. தடதடவென்று நடக்கக் காலில்லை. சைவமா என்று கேட்டதற்கு, "பால்தான் குடிப்பேன்னு ஊர்ல சொல்றாங்க" என்றார். என்ன அடக்கமான பதில் என்று சௌந்தரம் உருகிப்போய்ச் சாவியைக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கீரை வந்தது. பிறகு நின்றுவிட்டது. கேட்கப் போனபோது பாம்பு மெல்லப் படம் விரித்தார். சௌந்தரம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, அப்படியே பின்னால் நகர்ந்து வந்துவிட்டாள்.

"காலி பண்ணச் சொல்லுங்க தம்பி" என்று ஏகாம்பரத்திடம் கெஞ்சினாள்.

"குடி வைக்கறதுதான்க்கா என் தொழில். கிளப்பறதுக்கு வேற ஆள் பாருங்க."

அதற்குள் புற்றில் பாம்பு இருக்கிற சேதி ஊருக்குள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை பெண்கள் வந்து மஞ்சள் தெளித்தார்கள், பால் ஊற்றினார்கள், முட்டை வைத்தார்கள். சீக்கிரமே தகரக் கொட்டகை வந்தது, வரிசையில் நிற்கக் கம்பி வந்தது. சௌந்தரத்தின் பலகை மேல் யாரோ விபூதித் தட்டை வைத்திருந்தார்கள். சைவம் மட்டும் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் முட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.

பசி பொறுக்க முடியாமல் ஒரு வெள்ளிக்கிழமை அவளும் வரிசையில் நின்றாள். கால்களுக்கு நடுவே நகர்ந்து நகர்ந்து, கடைசியில் தன் வீட்டு வாசலில் முன்னங்காலை வைத்தாள்.

"ஆமைடீ" என்றாள் பால் சொம்போடு நின்றவள்.

"உள்ள போகுதா, வெளிய வருதா?" என்றாள் பின்னால் நின்றவள்.

"உள்ளதான் போகுது."

"அப்ப இன்னைக்கு இந்த இடம் ஆகாது. வா, போயிடலாம்."

ஆமை நுழைந்த இடம் விளங்காது என்பதில் அந்த ஊருக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பால் சொம்போடு திரும்பிப் போயிற்று. முட்டையும் போயிற்று. சொந்த வீட்டு வாசலிலேயே இப்படி ஒரு பேச்சா என்று சௌந்தரத்துக்கு அழுகை வந்தது.

பாம்பு வெளியே வந்தார். "இன்னைக்குச் சாப்பாட்டைக் கெடுத்துட்டீங்களே ஓனரம்மா" என்றார். இந்த முறை படம் விரிக்கவில்லை. "நாளைக்கும் வருவீங்களா?"

சௌந்தரத்துக்கு நடைதான் மெதுவே தவிர, புத்தி அப்படியில்லை. கழுத்தை முழுதாக வெளியே நீட்டினாள்.

"வராம இருக்க என்ன தருவீங்க?"

மறுநாளிலிருந்து கீரை தவறாமல் வந்தது. ஆமை கண்ணில் படாததால் கூட்டமும் புற்றுக்குத் திரும்பியது; கீரையோடு படையல் வாழைப்பழமும் வந்தது. அடுத்த வாரம் அவள் எலி வளைப் பக்கம் சும்மா காலாற நடந்து போனாள். எலி குடும்பத்தோடு ஓடிவந்து, "நீங்க எதுக்கும்மா இவ்வளவு தூரம் சிரமப்படறீங்க, நாங்களே கொண்டுவந்து தர்றோம்" என்றது. முள்ளம்பன்றி அவள் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டது.

ஏகாம்பரம் மூச்சிரைக்க வந்தார். "காடு பூரா வாடகை வாங்கறீங்களாமே. மொத்தம் எத்தனை வீடுக்கா வாங்கிப் போட்டிருக்கீங்க?"

"அதே ஒரு புத்துதான். அதுக்குள்ளகூட நான் போறதில்லை" என்றாள் சௌந்தரம், பழத்தை மென்றபடி. "ஆமா, உங்க குகை எந்தப் பக்கம் தம்பி?"

நீதி: வீட்டுக்குள் விட்டதற்கு வாடகை கேட்டால் இழுத்தடிப்பார்கள். வீட்டுக்குள் வராமல் இருப்பதற்குக் கேட்டுப் பாருங்கள், அட்வான்ஸாகவே தருவார்கள்.