முள் சொன்ன சாட்சி

சாவியை விட்டுக்கொடுப்பதில்லை என்று கணக்கர் முடிவு செய்துவிட்டார். உலகமே தலைகீழாகப் புரண்டாலும் சரி, இந்த வீட்டில் காரை ஓட்டுவது ஒரே ஆள், அது அவர்தான். பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது எடுத்த முடிவு என்பதால் எதிர்த்துப் பேச அங்கே யாரும் இல்லை.

கணக்கு எழுதுவது அவருடைய உத்தியோகம். அலுவலகத்தில் அவர் மேசையை மட்டும் மற்ற மேசைகளோடு ஒட்டாமல் தள்ளிப் போட்டிருந்தார்கள். மேனேஜர் பதவிக்கு இது முன்னோட்டம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். விஷயம் வேறு. அவர் உட்கார்ந்தால் போதும், கால் தன் பாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிடும். கையெழுத்துப் போட்டால் கோணிக்கொண்டு போகிறது என்று பக்கத்து மேசைக்காரர்கள் புகார் செய்திருந்தார்கள். ஓர் இடத்தில் நிலையாக இருப்பது அவருக்குப் பிறவியிலேயே வரவில்லை.

அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் டெய்லரம்மா என்பார்கள். முன்னறையில் மோட்டார் பொருத்திய தையல் மெஷினை வைத்துக்கொண்டு கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கிறவள். டிரைவிங் லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தாள். கணவர் ஆபீஸ் வேனில் போய்வருவார். பகல் முழுக்கக் கார் வாசலில் சும்மா நிற்கும், சாவி மட்டும் அவர் பாக்கெட்டில் ஆபீஸ் போய்விட்டு வரும். சாயங்காலம் வந்து, டீ குடித்து, வாசலுக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்து, "சரி, கிளம்பு" என்று அவர் சொல்வதற்குள் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். அப்படியே ஒவ்வொரு கடையாகக் கைநழுவிப்போய்க் கடைசியாக மிஞ்சியது ஒன்றுதான். அந்தக் கடைக்காரரும் இனிமேல் மதியத்துக்குள் துணி வந்தால்தான் எடுத்துக்கொள்வேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இந்த நேரம் பார்த்துக் காருக்கு வியாதி வந்திருந்தது. நின்ற இடத்திலேயே உறுமும். சிக்னலில் பொசுக்கென்று அணையும். மெதுவாக மிதித்தால் ஆளை முன்னால் தூக்கிப்போடும். டெய்லரம்மா ஒரே ஒருமுறை தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்திருந்தாள். கணக்கருக்கு அது போதாதா?

"உன் கால் பட்டதிலேருந்துதான் இது இப்படி ஆடுது."

"அதுக்கு முன்னாடியே ஆடிச்சே. வாசல்ல பூந்தொட்டிய இடிச்சது யாரு?"

"தொட்டி வெச்ச இடம் தப்பு."

"சரி, மெக்கானிக்கிட்ட காட்டிடலாமா?"

"மெக்கானிக்கா? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

இந்தக் கேள்விக்கு அவளுக்கும் பல வருஷமாக விடை தெரியவில்லை.

கணக்கர் செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, நடந்துகொண்டே சாப்பிட்டு, சாப்பிட்டுக்கொண்டே மறுபடி பார்த்து, கடைசியில் நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். த்ராட்டில் பொசிஷன் சென்சார்.

"சென்சாரா? அது எதை வெட்டும்?" என்றாள்.

"அந்த சினிமா சென்சார் இல்ல. இது உளவு சொல்றது. நீ பெடல எவ்வளவு மிதிச்சே, காத்து போற கதவு எவ்வளவு திறந்துதுன்னு பாத்து இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது மாத்திச் சொன்னா வண்டி உதறும்."

"அப்போ என் கால் மேல தப்பில்லன்னு நீங்களே சொல்றீங்க."

அது கெட்டிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம், சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்று கணக்கர் இழுத்தார். டெய்லரம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே பந்தயம் கட்டினாள். சென்சார் கெட்டிருந்தால் தப்பு வண்டி மேல், பகலில் சாவி அவளிடம். சென்சார் நல்லபடியாக இருந்தால் தப்பு அவள் கால் மேல், அதன்பிறகு சாவி என்ற பேச்சையே எடுக்க மாட்டாள்.

"பேச்சு மாற மாட்டியே?"

"நீங்க முதல்ல சோதிங்க. எத்தனை வாரமா இதோ அதோன்னு சொல்லிக்கிட்டிருக்கீங்க."

சனிக்கிழமை காலையில் அவள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதும் கணக்கர் பானெட்டைத் திறந்தார். ஆபீஸ் எலக்ட்ரீஷியனிடம் கெஞ்சி வாங்கிவந்த, மின்சாரம் அளக்கிற முள் மீட்டரின் ஒயரைச் சென்சாரில் கொடுத்து, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்தார். காற்றுக் கதவைக் கையாலேயே மெல்லத் திறந்தார். நல்ல சென்சார் என்றால் முள் தடங்கலில்லாமல் ஏற வேண்டும். ஏறியது. பாதி வழியில் தொப்பென்று கீழே விழுந்தது. மறுநொடி உச்சிக்குத் தாவியது.

"கெட்டுப்போச்சு" என்று கணக்கர் வாய்விட்டுச் சொன்னார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கெட்டுப்போனது சென்சார் மட்டுமல்ல என்பது உறைத்தது. சாவியும் போயிற்று. காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நடக்க நடக்க மூளை வேலை செய்யும் என்பது அவர் நம்பிக்கை, அன்றைக்குப் பார்த்து அது வேலையும் செய்தது. உதிரிபாகக் கடைக்கு ஓடினார். புது சென்சாரை வாங்கிவந்து, பழையதைக் கழற்றிக் குப்பையில் போட்டு, புதியதைத் திருகாணி போட்டு முடுக்கினார். இப்போது முள் அழகாக ஏறி அழகாக இறங்கியது. சென்சார் நல்லபடியாக இருக்கிறது, ஆகவே தப்பு அவள் கால் மேல். தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வழக்குக்காகக் காத்திருந்தார்.

அவள் வந்ததும், கைகால் கழுவக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். கையால் திறந்தார். முள் ஏறியது.

"பாத்தியா? ஒரு கோளாறும் இல்ல."

டெய்லரம்மா குனிந்து இன்ஜினை நன்றாகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "அப்போ இது பொய் சொல்லாதா?" என்று கேட்டாள்.

"சத்தியமா சொல்லாது."

"கால் எப்படி மிதிக்குதோ, அதை அப்படியே காட்டுமா?"

"அச்சு அசலாக் காட்டும். நான் பொறுப்பு."

"அப்போ என் கால் எவ்வளவு மோசம்னு நானும் பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் யோசிப்பதற்குள் ஏறி உட்கார்ந்து மிதித்தாள். முள் கிளம்பியது. தொய்வும் இல்லாமல் துள்ளலும் இல்லாமல், நூல் பிடித்தாற்போல் ஏறியது. பாதியில் நிறுத்தச் சொன்னார், அசையாமல் நின்றது. ஒரு மயிரிழை ஏற்றச் சொன்னார். ஒரு மயிரிழை ஏறியது. மெல்லிசுத் துணிக்கு எவ்வளவு மிதி, முரட்டுத் துணிக்கு எவ்வளவு மிதி என்று காலமெல்லாம் மெஷின் பெடலில் பழகிய கால் அது. வீட்டு முன்னறையில் தினமும் கேட்கிற அந்த மெஷின் சத்தத்தைக் கணக்கர் மறந்தே போயிருந்தார்.

"இப்போ நீங்க மிதிங்க. நான் முள்ளைப் பாக்கறேன்."

வேறு வழி இல்லை. ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தால்தான் கால் ஆடுமே. பதற்றத்தில் அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாக ஆடியது. டெய்லரம்மா முன்னாலிருந்து அமைதியாகப் படித்தாள்.

"ஒண்ணு. ரெண்டு. மறுபடி ஒண்ணு. ஒண்ணரை. இப்போ மூணு. என்னங்க, மிதிக்கிறீங்களா, தாளம் போடறீங்களா?"

"மீட்டர் சரியில்ல."

"கொஞ்சம் முன்னாடி சரியாத்தான இருந்துது?"

கணக்கர் இறங்கினார். அவள் இன்ஜினை விரலால் தொட்டுக் காட்டினாள். எங்கே தொட்டாலும் அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு. சென்சாரைத் தொட்ட விரல் மட்டும் சுத்தமாகத் திரும்பியது.

"மத்ததெல்லாம் குளிச்சுப் பல வருஷம் ஆன மாதிரி இருக்கு. இது மட்டும் புது மாப்பிள்ளையாட்டம் நிக்குது. எப்போ மாத்தினீங்க?"

கணக்கர் பூந்தொட்டியைப் பார்த்தார்.

"பழசே இருந்திருந்தா உங்க ஆட்டத்துக்கு அது பழி ஏத்துக்கிட்டிருக்கும்" என்றாள். "போகட்டும். சரிபண்ணுங்க சரிபண்ணுங்கன்னு நான் சொன்னப்போ பண்ணல. பந்தயம் கட்டினதும் மாத்திட்டீங்க பாருங்க. எனக்கு அதான் வேணும்."

அவமானம்தான். முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் மூட்டையைச் சுமந்து சுமந்து சிவந்திருந்த அவள் உள்ளங்கையைப் பார்த்தபோது, இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கொடுத்திருக்கலாமோ என்று அவருக்கே தோன்றியது. சாவியை அந்தக் கையில் வைத்தார்.

மிச்சமிருந்த துணிகளைக் கொடுக்க உடனே கிளம்பினாள். நானும் வருகிறேன் என்று கணக்கர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்தார். கார் குலுங்காமல் அலுங்காமல் போனது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு தெரிந்தது. கணக்கருக்கு உயிர் வந்தது.

"பாத்தியா, பாத்தியா, இன்னும் உதறுது. நான் அப்பவே சொன்னேன்ல?"

டெய்லரம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையை நீட்டி அவர் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். காரின் உதறல் நின்றுவிட்டது.